பிளெய்ன்ஸ் ஊருக்குப் போய் வந்தவர்கள் யாராவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. அட்லாண்டாவிலிருந்து அப்பா, அம்மாவோடு முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் ஊரான பிளெய்ன்ஸுக்கு ஒரு சனிக்கிழமை போய்வர நினைக்கிறோம். காரில் ஒரு வழிக்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்பாவுக்கு மூட்டுவலி, அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

கார்ட்டர் படித்த பள்ளிக்கூடம்தான் இப்போது அருங்காட்சியகம். 1976 தேர்தலில் பிரசார அலுவலகமாக இருந்த பழைய ரயில் நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கெல்லாம் சமாளித்துவிடலாம். ஊருக்கு வெளியே ஆர்ச்சரியில் இருக்கும், அவர் சின்ன வயதில் வளர்ந்த பண்ணைதான் கவலை. கார் நிறுத்துமிடத்திலிருந்து வீடு வரை எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? அந்தப் பண்ணையைத்தான் அப்பா முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்கிறார். 1938 வரை மின்சாரமே இல்லாத வீடு. அடியில் ஓட்டை போட்ட வாளியைத் தொங்கவிட்டு, அதையே ஷவராக வைத்துக் குளித்திருக்கிறார்கள். சின்ன வயதில் கார்ட்டர் வேர்க்கடலை அவித்து ஊருக்குள் கொண்டுபோய் விற்றார் என்று சொன்னதிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்புறம், கார்ட்டரையும் அவர் மனைவி ரோசலினையும் அடக்கம் செய்திருக்கும் இடத்தைப் பார்க்க முன்பதிவு வேண்டுமா? கோர்டீலிலிருந்து வரும் சுற்றுலா ரயிலில் யாராவது போயிருக்கிறீர்களா? இறங்கி ஊரைப் பார்க்க நேரம் போதுமா?

சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள். அம்மா சுத்த சைவம். கடலை ஐஸ்கிரீம் கிடைக்கும், ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு நாளை ஓட்ட முடியாதே! புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் உட்கார்ந்து சாப்பிட நிழலான இடம் உண்டா?