செம்பருத்திக்கு மருந்து அடித்த அப்பா 11 நாள் ஆஸ்பத்திரியில். இனி எதைக் கவனிக்க வேண்டும்?

மாடித்தோட்டக்காரி:
வில்லிவாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் முப்பது தொட்டி இருக்கிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடந்தது. அப்பாவுக்கு 68 வயது, மதுராந்தகம் பக்கம் நெல் போட்டவர். வேப்பெண்ணெய் எல்லாம் அவருக்கு விளையாட்டுச் சாமான். ஊருக்குப் போனவர் முதுகில் மாட்டும் பழைய ஸ்பிரேயரையும், குவார்ட்டர் பாட்டிலில் மோனோகுரோட்டோபாஸ் என்கிற வயல் பூச்சி மருந்தையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். லேபிள் கிடையாது.

டேங்கின் அடியில் கசிவு. பனியன், லுங்கி, முதுகெல்லாம் நனைந்திருக்கிறது; நாலு மணிக் கடல்காற்று வேறு மருந்தைத் திருப்பி முகத்திலேயே அடித்திருக்கிறது. அதே பனியனோடு கீழே வந்து டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டார். ஏழு மணிக்கு வாந்தி, பேதி, பிழிந்து எடுக்கிற அளவுக்கு வேர்வை. நாங்கள் பஜ்ஜியைத் திட்டினோம். பக்கத்து கிளினிக்கிலும் வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். பத்து மணிக்கு வாயில் எச்சில் ஒழுக, "டியூப்லைட் ஏன் மங்கலா எரியுது?" என்றார். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. உடனே கேட்டார்: "வீட்ல பூச்சி மருந்து இருக்கா?"

அப்புறம் மூன்று பேர் தனித்தனியாக என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "குடிச்சாரா?" என்று கேட்டார்கள். நான்காவது ஆள் கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

விஷத்தை அடக்க அட்ரோபின் என்ற மருந்து ஏறிய இரவு முழுக்கக் காற்றில் பூப் பறித்தார். "மோட்டாரை நிறுத்து" என்று கத்தினார். மூன்றாம் நாள் தெளிவாகப் பேசினார் என்று இட்லி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. சாயங்காலமே வென்டிலேட்டர்.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். தெளிந்தவர் ஏன் மறுபடி விழுந்தார்? அதே மாடியில் இருக்கும் கீரையைச் சாப்பிடலாமா?

ஐசியூ நர்ஸ்:
அக்கா, இந்த மருந்து கோலினெஸ்டரேஸ் என்கிற நொதியைக் கட்டிப்போட்டுவிடும். நரம்பு தசைக்கு அனுப்பும் அசிட்டைல்கோலினைத் துடைத்துவிடுவது அதன் வேலை. துடைக்க ஆள் இல்லாததால் எச்சில், வேர்வை, சளி எல்லாம் ஊற்றும்; நுரையீரலில் நீர் கட்டும். அட்ரோபின் அந்த நீரை வற்றவைக்கும், ஆனால் தசைச் சோர்வுக்கு அது வேலை செய்யாது. கழுத்தும் மூச்சுத் தசையும் தளர்வது பெரும்பாலும் 1 முதல் 4 நாளுக்குள் வரும். அதனால்தான் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் "தலையைத் தூக்குங்க" என்று கேட்போம். பூப் பறித்தது அட்ரோபின் செய்த வேலை, பயப்பட வேண்டாம்.

இரத்தச் சிவப்பணுவில் அந்த நொதி பழைய அளவுக்கு வர மூன்று நான்கு மாதம்கூட ஆகலாம். அதற்குள் கொஞ்சம் பட்டாலும் தாங்காது. இரண்டு மூன்று வாரத்தில் கெண்டைக்கால் இழுத்தாலோ, பாதம் மரத்தாலோ, செருப்பு தானாகக் கழன்றாலோ நரம்பு டாக்டரிடம் உடனே காட்டுங்கள். மருந்து பட்ட தோல் செருப்பு, பெல்ட் எதையும் கழுவி மாட்டாதீர்கள். தோலில் ஊறினது போகாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
கீரையைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள் அம்மா. இது செடிக்குள்ளேயே ஊடுருவிப் பரவும் மருந்து, கழுவினால் போகாது. டப்பாவில் கொடிய விஷம் என்று காட்டும் சிவப்பு முக்கோணம் இருக்கும், காய்கறிக்கு அடிக்க அனுமதியே இல்லை. உங்கள் கதையில் எனக்குப் பதறியது குவார்ட்டர் பாட்டில்தான்; மதுவென்று நினைத்து யாராவது குடித்திருக்கலாம். 2013-ல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்ததும் இதே மோனோகுரோட்டோபாஸால்தான். மாவுப்பூச்சிக்குக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், நாலு நாளைக்கு ஒருமுறை. மிச்ச மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள்.

மாடித்தோட்டக்காரி:
நன்றி அக்கா, நன்றி ஐயா. கீரைத் தொட்டிகளைக் காலி செய்தாயிற்று. தோல் செருப்பையும் காலையிலேயே போட்டுவிட்டேன். அப்பா அரை மணி நேரமாக வாசலில் தேடிக்கொண்டிருக்கிறார். தெருநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன்.