ஆல்டோ சாக்ஸபோனுக்கு மவுத்பீஸ், ரீட்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். மகள் ஆல்டோ சாக்ஸபோனில் மேற்கத்திய கிளாசிக்கல் படிக்கிறாள். கருவி ஆரம்பநிலைதான், இப்போதைக்கு மாற்ற வசதியில்லை. கூடவே வந்த மவுத்பீஸில் (வாயில் வைத்து ஊதும் முனை) மேல் சுரங்கள் மெலிந்து கீச்சிடுகின்றன. செல்மர் எஸ்80 சி ஸ்டார், வான்டோரன் ஏஎல்3, இரண்டில் எது அவளுக்கு ஒத்துவரும்? ஜாஸ் மவுத்பீஸ் வேண்டாம், ஒலி ரொம்பக் கூர்மை.

ரீட் (மவுத்பீஸில் பொருத்தும், ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் பட்டை) இப்போது 2½; எண் கூடினால் ரீட் கடினம். உடனே 3-க்குப் போகலாமா, மவுத்பீஸ் மாற்றிய பிறகா? இந்தக் கடலோர ஈரத்தில் ரீட் நுனி அலை அலையாய் நெளிந்துவிடுகிறது. கண்ணாடித் தகட்டில் அழுத்தி வைத்தும் பார்த்தாச்சு. லெஜேர் செயற்கை ரீட்டில் யாராவது கிளாசிக்கல் வாசிக்கிறீர்களா?

அப்புறம், கோயிலில் கர்நாடக இசை சாக்ஸபோன் கலைஞர் கத்ரி கோபால்நாத் பாணியில் வாசிக்கும் மாமா ஒருவர், கமகத்துக்கு மென்மையான ரீட்தான் வேண்டும் என்கிறார். அவருக்குச் சரி, இவளுக்கு? டர்பனில் வாசித்துப் பார்த்து வாங்க விடும் கடை எது?