1926-ல் அதிக இடம் சுயராஜ்யக் கட்சிக்கு, முதலமைச்சர் மட்டும் சுயேச்சையா?

செங்கோட்டுவேலி எழுதியது:

வணக்கம். குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சென்னை மாகாணத் தேர்தல்கள் பாடத்தில் 1920 நீதிக் கட்சி, 1923 நீதிக் கட்சி, அதுவரை சிக்கல் இல்லை. 1926-க்கு வந்தால் "அதிக இடம் பெற்றது சுயராஜ்யக் கட்சி, முதலமைச்சர் ப. சுப்பராயன் (சுயேச்சை)" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் வீடு திருச்செங்கோடு. சுப்பராயனின் ஜமீன் ஊரான குமாரமங்கலம் பக்கத்தில்தான். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் "அவர் காங்கிரஸ்காரர் ஆச்சே" என்கிறார்கள். ஜெயித்த கட்சி ஏன் ஆட்சிக்கு வரவில்லை? கட்சியே இல்லாதவர் எப்படி நாலு வருஷம் ஓட்டினார்? வெறுமனே மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் மறந்துபோகிறது. காரணம் தெரிந்தால் நிற்கும்.

கோவை வாசு எழுதியது:

ரொம்ப யோசிக்காதீங்க சகோதரி. கவர்னர் கோஷன் கையில் ஒரு பொம்மை வேண்டும், ஒரு ஜமீன்தார் கிடைத்தார், அவ்வளவுதான். இரட்டை ஆட்சி என்றாலே அதிகாரமில்லாத மந்திரிகள். "சுயேச்சை" என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பழைய சார்பதிவாளர் எழுதியது:

வாசு தம்பி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியால்தான் என் துறையில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது, அதனால் நானே எழுதிவிடுகிறேன். பதிவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

அம்மா, முதலில் இன்றைய சட்டமன்றத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். 1919 சட்டப்படி வந்த சென்னை சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 98 பேர். அதற்கு மேல் கவர்னர் நியமித்தவர்கள், நிர்வாக சபைக்காரர்கள் எல்லாம் சேர்த்தால் 130-க்குச் சற்று மேல் வரும். ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. வரி கட்டுகிறவன், சொத்து உள்ளவன் போன்றவர்களுக்குத்தான். 1920-ல் சுமார் நாலு கோடி ஜனத்தொகைக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம் வாக்காளர்கள். அதிலும் கால்வாசிப் பேர்தான் போய் ஓட்டுப் போட்டார்கள். காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்திருந்தது. நீதிக் கட்சி 63 இடம் பிடித்ததை அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மந்திரிகளிடம் இருந்தவை கல்வி, உள்ளாட்சி, சுகாதாரம், விவசாயம், கலால், பதிவு போன்ற இலாகாக்கள். நிதி, போலீஸ், நிலவரி எல்லாம் கவர்னரும் அவருடைய நிர்வாக சபையும் வைத்துக்கொண்டார்கள். இப்படி அதிகாரத்தை இரண்டாகப் பிரித்ததுதான் இரட்டை ஆட்சி. பள்ளிக்கூடம் கட்ட மந்திரி ஆசைப்படலாம், பணப்பெட்டிச் சாவி வேறு ஒருவர் இடுப்பில்.

இப்போது 1926. சுயராஜ்யக் கட்சி 41, நீதிக் கட்சி 21. மற்றவை சுயேச்சைகளும் உதிரிகளும். 41 என்பது 98-ல் பாதிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நியமனக்காரர்களையும் சேர்த்த சபையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனாலும் சுயராஜ்யக் கட்சி பதவியை மறுத்ததற்கு எண்ணிக்கை முக்கியக் காரணம் இல்லை. சபைக்குள் போய் இரட்டை ஆட்சியை நடக்கவிடாமல் முட்டுக்கட்டை போடுவதற்காகவே காங்கிரசுக்குள்ளிருந்து பிறந்த கட்சி அது. மந்திரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எதற்கு முட்டுக்கட்டை போடுவது? அதோடு, இங்கே கட்சியை நடத்திய எஸ். சீனிவாச ஐயங்கார்தான் அதே ஆண்டு டிசம்பரில் கௌஹாத்தி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவர். நாடு முழுக்கப் பதவி வேண்டாம் என்று சொல்லும் கட்சியின் தலைவர், தன் சொந்த மாகாணத்தில் மட்டும் மந்திரிசபை அமைக்க முடியுமா?

அதுவரை முதலமைச்சராக இருந்த நீதிக் கட்சித் தலைவர் பனகல் அரசரும் 21 பேரை வைத்துக்கொண்டு முன்வரவில்லை. அப்போதுதான் கவர்னர் கோஷன் சுப்பராயனைக் கூப்பிடுகிறார். அவரோடு ஏ. ரங்கநாத முதலியார், ஆர். என். ஆரோக்கியசாமி முதலியார் என இன்னும் இரண்டு மந்திரிகள். 1926 டிசம்பரில் பதவியேற்றார்கள். கவர்னர் நியமித்த உறுப்பினர்களின் ஆதரவு கூடவே வந்தது. வாசு சொல்லும் பொம்மை இதுதான், மறுக்கவில்லை.

அடுத்த வருஷமே இடி விழுந்தது. இந்தியர் ஒருவர்கூட இல்லாத சைமன் கமிஷனை லண்டன் அறிவித்தது. அதைப் புறக்கணிப்பதா வேண்டாமா என்பதில் சுப்பராயன் ஒரு பக்கம், சக மந்திரிகள் இருவரும் மறுபக்கம். அவர்கள் விலகினார்கள். ஆட்சி கவிழ வேண்டிய நேரத்தில், அதுவரை எதிர்வரிசையில் இருந்த பனகல் அரசர் கை கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. நீதிக் கட்சியின் எம். கிருஷ்ணன் நாயர் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினரானார். இன்றைய கூட்டணிப் பேரங்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதையும் ஒரு தரம் படிக்கலாம்.

காலியான இரண்டு இடத்துக்கு வந்தவர்கள் எம். ஆர். சேதுரத்தினம் ஐயரும் எஸ். முத்தையா முதலியாரும். என் கதை இங்கேதான் தொடங்குகிறது. அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிட்டுத் தரும் வகுப்புவாரி உரிமை ஆணையை நீதிக் கட்சி 1921-லேயே போட்டுவிட்டது. ஆனால் அது ஏட்டில்தான் இருந்தது. முத்தையா முதலியார்தான் தன் பொறுப்பிலிருந்த பதிவுத் துறையில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு இடம் நிரப்பினால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவருக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1. 1928-ல் வந்த கணக்கு இது.

நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் பழைய ஒன்றாம் புத்தகத் தொகுதிகள் (சொத்துப் பத்திரங்களின் நகல் பதிவேடுகள்) நிறைய இருந்தன. வில்லங்கம் பார்க்கப் பிரிப்போம். அந்தக் காலத்தில் பத்திரத்தைக் கையால் நகல் எடுத்து, அடியில் எழுதியவர், ஒப்பிட்டவர் என்று கையெழுத்துப் போடுவார்கள். இருபதுகளின் தொடக்கத்துத் தொகுதிகளில் ஐயர், ராவ் தவிர வேறு கையெழுத்து தேடித்தான் பார்க்க வேண்டும். முப்பதுகளின் பிற்பாதித் தொகுதியை எடுத்தால் ஒரு பிள்ளை, ஒரு நாயுடு, ஒரு தேவசகாயம், ஒரு சையது. மை அதே நீலக்கறுப்புதான், பெயர்கள் மட்டும் மாறியிருக்கும். ஒரு அலுவலகத்தை வைத்து மாகாணத்தையே அளக்கக் கூடாது, சரி. ஆனால் ஆணை ஏட்டிலிருந்து இறங்கி வந்ததை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

கோவை வாசு எழுதியது:

ஐயா, இது புதுத் தகவல், நன்றி. ஆனாலும் ஒரு கேள்வி. கவர்னர் நியமித்த ஆட்கள் ஓட்டால் நிற்கும் ஆட்சியை மக்களாட்சி என்று சொல்ல முடியுமா? முத்தையா முதலியார் நல்லது செய்தார் என்பதற்காக அந்த முறையே நல்லதாகிவிடுமா?

பழைய சார்பதிவாளர் எழுதியது:

மக்களாட்சி என்று நான் எங்கே சொன்னேன், தம்பி? முறை மோசமானதுதான். 1923-ல் பனகல் அமைச்சரவை மீது, நீதிக் கட்சியிலிருந்து பிரிந்த சி. ஆர். ரெட்டி தரப்பு கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 44-க்கு 65 என்று தோற்றது. அந்த 65-க்குள்ளும் நியமன உறுப்பினர்கள் உண்டு. ஆக, கட்சியாட்சி என்று நாம் படிக்கும் ஆண்டுகளிலும் கவர்னர் நிழல் விழுந்தே இருந்தது. சுப்பராயன் காலத்தில் அந்த நிழல் கொஞ்சம் நீண்டது, அவ்வளவே.

நியமனம் என்றாலே கைத்தடி என்றும் நினைக்க வேண்டாம். ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர்களான எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் இருவரும் நியமனத்தில் வந்தவர்கள்தான். நிலவரியை வைத்து ஓட்டுரிமை கொடுத்த தேர்தலில் சேரி மக்கள் எந்த வழியாக உள்ளே வர முடியும்? சுப்பராயன் காலத்துச் சபையில் துணைத் தலைவராக இருந்த முத்துலட்சுமி ரெட்டியும் நியமன உறுப்பினர். தேவதாசி முறைக்கு எதிராக அவர் அந்தச் சபையில் செய்ததைக் கைத்தடி எவரும் செய்ய முடியாது.

செங்கோட்டுவேலி எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. பாடப்புத்தகத்தில் இந்தப் பகுதியே இல்லை. ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. வீட்டில் காங்கிரஸ்காரர் என்கிறார்களே, அது தப்பா? 1937 ராஜாஜி மந்திரிசபையில் "சுப்பராயன், சட்டம் மற்றும் கல்வி" என்று பார்த்தேன். அது வேறு ஆளா?

பழைய சார்பதிவாளர் எழுதியது:

அதே ஆள்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் சரி, வினாத்தாள் சொல்வதும் சரி. வருஷம்தான் வேறு.

1930 தேர்தலில் நீதிக் கட்சி மறுபடி வந்தது. முதலில் முனுசாமி நாயுடு, 1932-ல் இருந்து பொப்பிலி அரசர். விளைபொருள் விலை அதலபாதாளத்தில் கிடந்த மந்த காலத்தில் மந்திரிகள் மாதம் ரூ. 4,333 சம்பளம் வாங்கினார்கள். கிஸ்தி கட்ட முடியாமல் தவித்த விவசாயிக்கு அந்தத் தொகை எப்படிக் காதில் விழுந்திருக்கும்? சுப்பராயன் இதற்கிடையில் காங்கிரசுக்குப் போய்விட்டார். 1935 சட்டத்தில் இரட்டை ஆட்சி ஒழிந்து, வாக்காளர் எண்ணிக்கையும் பல மடங்கு பெருகியது. 1937-ல் காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியுமே. 215-ல் 159 இடம். பொப்பிலி அரசர் தன் சொந்தக் கோட்டையிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். வந்த காங்கிரஸ் மந்திரிகள் சம்பளம் ரூ. 500 என்று வைத்துக்கொண்டார்கள்.

சுப்பராயன் விஷயத்தில் எனக்கு இன்றும் வியப்பு ஒன்றுண்டு. வகுப்புவாரி ஆணை நடைமுறைக்கு வந்த மந்திரிசபையின் தலைவர் அவர். 1938-ல் 125 பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கிய அரசில் கல்வி மந்திரியும் அவரே. ஒரு ஆணைக்கு நன்றி சொன்ன அதே சுயமரியாதை இயக்கத்துக்காரர்கள் மற்றதை எதிர்த்துச் சிறைக்குப் போனார்கள்.

தேர்வுக்கு: 1926 என்று கேட்டால் சுயேச்சை. 1937 என்று கேட்டால் காங்கிரஸ். 1926-ல் "ஆட்சி அமைத்த கட்சி எது" என்று கேட்டு சுயராஜ்யக் கட்சியை ஒரு விடையாகக் கொடுத்திருந்தால், அது உங்களைச் சிக்கவைக்கப் போட்டது. அதைத் தொடாதீர்கள்.