ஆறு வருடம் ஒருவரும் சேரவில்லை. அந்த ஆறு வருடம் ஜட்சன் தினமும் என்ன செய்தார்?

கேள்வி: பனங்காட்டு மகள்

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பியும் அவன் மனைவியும் கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போய் இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. கெமர் மொழி படிக்கிறார்கள். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதுவரை ஒருவர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை.

எங்கள் சபையின் மிஷனரிக் கமிட்டி அவர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை அனுப்புகிறது. போன கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "இத்தனை நாளில் எத்தனை ஆத்துமா?" என்று கேட்டுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பென்ஷன் பணத்தில் காணிக்கை கொடுக்கிறவர். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. போதகர்தான், "பர்மாவில் ஜட்சன் ஆறு வருடம் காத்திருந்தார்" என்று சொல்லிப் பேச்சை முடித்தார். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றி என்னையே பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் இருக்கும் சின்னப் புத்தகங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அதோனிராம் ஜட்சன் 1813-ல் ரங்கூனில் இறங்கினார், 1819-ல் முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று இருக்கிறது. நடுவில் "பொறுமையோடு காத்திருந்தார்" என்று ஒரே வரி. ஆறு வருடம் என்றால் இரண்டாயிரம் நாளுக்கு மேல். காலையில் எழுந்து என்ன செய்தார்? செலவுக்கு யார் கொடுத்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கோவை டேவிட்

சகோதரி, சிறைச்சாலைக் கதையைச் சொல்லுங்கள். ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் வந்தபோது ஆவா நகரத்தில் அவரைப் பிடித்து விலங்கு மாட்டினார்கள். புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து, அவருடைய மனைவி சிறைக்குக் கொண்டுபோனார். கேட்கிறவர்கள் கண் கலங்கிவிடும்.

பதில்: ரங்கூன் ரெஜினா

தங்கச்சி, தம்பி டேவிட் சொன்னது உண்மைதான். ஆனால் அது 1824-ல் நடந்தது. நீங்கள் கேட்பது அதற்கு முந்தைய காலம். அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நான் பிறந்தது ரங்கூனில். 1965-ல் ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி மதராஸ் வந்தேன். எங்கள் பக்கத்து வீட்டுக் கரேன் இனத்து அம்மா தினமும் விடியற்காலையில் சத்தமாக வேதம் வாசிப்பார். அது ஜட்சன் மொழிபெயர்த்த பர்மிய வேதாகமம். அர்த்தம் பாதிதான் புரியும், ஆனாலும் அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. அதனாலேயே வாழ்நாள் முழுவதும் அவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து வந்திருக்கிறேன்.

முதலில் "காத்திருந்தார்" என்ற வார்த்தையை உங்கள் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் ஒருநாளும் சும்மா காத்திருக்கவில்லை.

பணத்தைக் கேட்டீர்கள். அவரும் மனைவி ஆனும் 1812-ல் அமெரிக்காவிலிருந்து கிளம்பியபோது அவர்களை அனுப்பியது தெளிப்பு ஞானஸ்நானம் கொடுக்கிற சபைகளின் சங்கம். கல்கத்தா வந்ததும் முழுக்கு ஞானஸ்நானம்தான் சரி என்று மனசாட்சியில் பட்டு, இருவரும் அதை எடுத்துக்கொண்டார்கள். அதோடு அந்தச் சங்கத்தின் ஆதரவும் போயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியோ இந்தியாவில் இருக்கக் கூடாது என்றது. மொரீஷியசுக்குப் போய், அங்கிருந்து 1813 ஜூனில் மதராஸ் வந்தார்கள். இங்கேயும் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அப்போது மதராஸ் துறையில் புறப்படத் தயாராக நின்ற கப்பல் ரங்கூனுக்குப் போகிற கப்பல். ஏறிவிட்டார்கள். வழியில் ஆனுக்குப் பிள்ளை இறந்தே பிறந்தது. ஜூலை 13-ல் ரங்கூன் சேர்ந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து மூங்கில் கட்டித் தூக்கிப்போனார்கள். முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற அமெரிக்க பாப்டிஸ்டுகள் இவர்களைத் தாங்க 1814-லேயே கூடி ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள். அந்தச் செய்தி இவர்கள் கைக்கு வந்தது 1815-ல். நம்மைத் தாங்க ஒரு சபை இருக்கிறதா என்றே தெரியாமல் இரண்டு வருடம் ஓடியிருக்கிறது.

அப்புறம் மொழி. ஆங்கிலத்தில் பர்மிய அகராதி கிடையாது. ஆங்கிலம் தெரியாத ஒரு ஆசிரியரோடு உட்கார்ந்து, பொருளைச் சுட்டிக்காட்டிப் பெயர் கேட்டுப் படித்தார், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் போல. நம் பழைய ஏட்டுச்சுவடிகளைப் பார்த்திருப்பீர்கள், சொல் பிரிக்காமல் ஓலையில் வரி ஓடும். பர்மிய ஏடுகளும் அப்படித்தான். நடுவில் பௌத்த நூல்களின் மொழியான பாலிச் சொற்கள் வேறு. இரண்டு வருடம் பர்மியம் படித்த பிறகும், பர்மியப் புத்தகமா பிரெஞ்சுப் புத்தகமா, எதில் பரீட்சை எழுதுகிறாய் என்று கேட்டால் பிரெஞ்சுதான் என்பேன் என்று அவர் எழுதியிருக்கிறார். பிரெஞ்சில் அவருக்குப் பழக்கம் கொஞ்சம்தான். உங்கள் தம்பிக்கு இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது, இல்லையா? இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

1815 செப்டம்பரில் ஒரு மகன் பிறந்தான், ரோஜர் என்று பெயர். எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். நான் நர்ஸாக இருந்தவள், அந்த வயதுக் குழந்தைகள் போவதைப் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தை என்னால் வேகமாகக் கடக்க முடிவதில்லை. மே மாதம் பிள்ளையைப் புதைத்தவர், அந்த ஜூலையிலேயே பர்மிய இலக்கணக் குறிப்புகளையும், ஜனங்களுக்குக் கொடுக்க முதல் கைப்பிரதியையும் (சுவிசேஷத் துண்டுப்பிரதி) எழுதி முடித்தார். அக்டோபரில், வங்காளத்தில் இருந்த செராம்பூர் மிஷனரிகள் பரிசாகக் கொடுத்த அச்சு இயந்திரத்தோடு ஹஃப் என்ற உதவியாளர் வந்தார். 1817-ல் மத்தேயு சுவிசேஷம் மொழிபெயர்ப்பு முடிந்தது.

ஒரு பெரிய தோல்வியும் உண்டு. பர்மியம் பேசும் கிறிஸ்தவர்கள் சிட்டகாங் பக்கம் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்களில் ஒருவரைத் துணைக்கு அழைத்துவர 1817 டிசம்பரில் கப்பலேறினார். காற்று கப்பலை நம் கரைக்குத் தள்ளிவிட்டது. மசூலிப்பட்டணத்தில் இறங்கிப் பல்லக்கில் மதராஸ் வந்து, திரும்பக் கப்பல் கிடைக்காமல் ஜூலை வரை இங்கேயே கிடந்தார். ரங்கூனில் காலரா, போர் வதந்தி, கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத நிலை. ஆன் தனியாக இருந்தார். கப்பலில் ஏறிக் கிளம்பியவர், மனசு கேட்காமல் இறங்கி வீட்டுக்கே திரும்பிவிட்டார். ஆகஸ்டில்தான் ஜட்சன் வந்து சேர்ந்தார். போன காரியமும் நடக்கவில்லை.

இனி சாவடிக்கு வருகிறேன். மிஷன் வீடு ஊருக்கு வெளியே, கொலைக்களத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே யார் தேடி வருவார்கள்? பர்மாவில் வழியோரம் எங்கு பார்த்தாலும் சயட் இருக்கும், நம் ஊர் சாவடி மாதிரி. நாலு புறமும் திறந்த கூரை, உட்கார மேடை, பக்கத்தில் மண் பானையில் தண்ணீர். ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகிற வழியில் நாங்கள் பிள்ளைகள் எல்லாம் அதில் ஏறி உட்கார்ந்து தண்ணீர் குடிப்போம். பெரியவர்கள் தர்மம் பேசுவதும் அங்கேதான். ஜட்சன் அதே பாதை ஓரத்தில் ஒரு சயட் கட்டினார். 27 அடிக்கு 18 அடி, தரையிலிருந்து நாலடி உயரம். முன்பக்கம் திறந்த தாழ்வாரம். போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி அதில் உட்கார்ந்துகொண்டார். 1819 ஏப்ரல் 4-ல் முதல் ஆராதனை. பெரியவர்கள் பதினைந்து பேர், கொஞ்சம் பிள்ளைகள். கவனமாகக் கேட்டவர்கள் குறைவு.

அந்த மாதக் கடைசியில் மாங் நௌ வந்தார். மாங் என்றால் தம்பி என்று கூப்பிடுகிற மாதிரி. முப்பத்தைந்து வயது ஏழைத் தொழிலாளி, அதிகம் பேசாதவர். வந்து உட்கார்ந்து கேட்டார், மறுநாளும் வந்தார். ஜூன் 27-ல் ஞானஸ்நானம். நவம்பரில் இன்னும் இரண்டு பேர், அதுவும் சூரியன் மறைகிற நேரத்தில் தனியாகத் தரும்படி கேட்டுக்கொண்டார்கள். ராஜாவின் மதத்தை விட்டால் உயிருக்கே ஆபத்து. எண்ணிக்கையைக் கேட்கிறோமே, அந்த எண்ணுக்குள் இருக்கிற ஆளுக்கு அது என்ன விலை என்று உங்கள் கமிட்டி யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் கமிட்டிக்காரர் கேட்ட அதே கேள்வி ஜட்சனுக்கும் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1816 ஆகஸ்டில், பிள்ளை போன மூன்றாம் மாதம், அமெரிக்காவில் இருந்த நண்பர் லூதர் ரைஸுக்கு எழுதினார். வெற்றி கிடைக்குமா என்று கேட்டால், சர்வவல்லமையுள்ள, உண்மையுள்ள தேவன் இருக்கிறார் என்கிற அளவுக்கு நிச்சயம் என்று சொல்லுங்கள். அதற்கும் தாங்க மனமில்லை என்றால் எங்களுக்குச் சாப்பாடு மட்டுமாவது தரச் சொல்லுங்கள், இருபது முப்பது வருடம் கழித்து மறுபடி எங்கள் செய்தி வரும். அந்தக் கடிதத்தின் சாரம் இது.

பதில்: வாத்தியார் ஞானம்

ரெஜினா அம்மா அருமையாகச் சொன்னார்கள். எனக்கு ஒரே ஒரு கவலை. ஆறு வருடம் முடிந்தால் ஏழாம் வருடம் ஆள் வருவார் என்கிற கணக்காக இதைச் சபையில் வைத்துவிடாதீர்கள். வில்லியம் கேரி 1793-ல் வந்தார். செராம்பூரில் முதல் ஆளாகக் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். கேரிக்கு ஏழு வருடம் என்றால், அவருக்கு முன்பே வங்காளத்தில் இருந்த சக மிஷனரி தாமஸுக்குப் பதினேழு வருடம். உங்கள் தம்பியின் தலையில் இன்னொரு கெடு வைத்த மாதிரி ஆகிவிடக் கூடாது.

ஆனைப் பற்றியும் தனியாக இரண்டு நிமிடம் பேசுங்கள். பெண்ணுக்குப் பாடம் சொல்ல அந்த ஆசிரியருக்கு முதலில் மனமில்லை. ஆனால் வீட்டு நிர்வாகம் எல்லாம் ஆன் கையில் இருந்ததால் பேச்சு மொழி அவருக்குத்தான் சீக்கிரம் வந்தது. ரங்கூனில் குடியிருந்த சயாம் மக்களிடம் பழகி அவர்கள் மொழியையும் படித்தார். அதில் அவர் மொழிபெயர்த்த வினாவிடை 1819-ல் செராம்பூரில் அச்சானது. உங்கள் தம்பி மனைவியும் இதைக் கேட்கட்டும்.

பதில்: பனங்காட்டு மகள்

ரெஜினா அக்கா, வாசித்துவிட்டு அழுதேன். ஞானம் ஐயா, நீங்கள் சொன்னது சரி, வருடக் கணக்கைச் சொல்லி முடிக்க மாட்டேன். ராத்திரி தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்த மூன்று பேருக்குப் பிறகு என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

பதில்: ரங்கூன் ரெஜினா

தம்பிக்குச் சொல்லுங்கள். 1820 ஜனவரியில் ஜட்சன் ராஜாவையே பார்த்துப் போதிக்க அனுமதி கேட்டார். ராஜா பாகிடோ, ஜட்சன் கொடுத்த கைப்பிரதியில் இரண்டு வரி வாசித்துவிட்டுக் கீழே போட்டுவிட்டார். இனி ரங்கூனில் இருந்தால் இந்த மூன்று பேருக்கும் ஆபத்து, ஆங்கிலேயர் வசம் இருக்கிற சிட்டகாங் பக்கம் போய்விடலாம் என்று ஜட்சன் முடிவு செய்தார். போகக் கூடாது என்று சொன்னது அந்த பர்மியர்கள்தான். அவர்களில் ஒருவரின் மனைவியால் வர முடியாது. பெண்கள் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்பது அங்கே சட்டம். எட்டுப் பத்துப் பேர் ஆகும்வரைக்குமாவது இருங்கள், அதில் ஒருவரை எங்களுக்குப் போதிக்க நியமித்துவிட்டுப் பிறகு போங்கள் என்று கேட்டார்கள். ஜட்சன் தங்கிவிட்டார்.

ஜூலைக்குள் பத்துப் பேர் ஆனார்கள். பத்தாவது ஆள் மா மென்லா, அந்தச் சபையின் முதல் பெண். கொஞ்ச காலம் கழித்து அவராகவே முன்வந்து பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு சின்னப் பள்ளி தொடங்கினார்.