நண்டு விலைச் செயலிக்கு முதலீட்டாளரைத் தேடலாமா?

கேள்வி (தங்கச்சிமடம்):
சென்னையில் புரோகிராமராக இருந்தேன், இப்போது ஊரிலிருந்தே வேலை. நாட்டுப்படகில் வரும் நண்டுக்கு அன்றன்றைய விலையைப் போனில் காட்டும் செயலி ஒன்றை எழுதி வருகிறேன். பால் கிரகாம் போல, கோடு எழுதி முதலீட்டாளரானவர்கள் இதற்குப் பணம் போடுவார்களா? வேலையை விட்டுவிடலாமா?

பதில் (கீழக்கரை):
தம்பி, நானும் வெகுகாலம் கோடு எழுதியவன். இப்போது நம் மாவட்டத்துப் பிள்ளைகள் சிலரின் தொழிலில் சிறு தொகை போட்டு, கூடவே உட்கார்ந்து பார்க்கிறேன். வேலையை இப்போது விடாதே.

கிரகாமும் ராபர்ட் மோரிஸும் 1995-இல் முதலில் எழுதியது ஓவியக்கூடங்களை இணையத்தில் ஏற்றும் மென்பொருள். கூடம் நடத்தியவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. பிறகுதான் இணையக் கடை அமைக்கும் வயாவெப் வந்தது. தொடக்கத்தில் வியாபாரிகளுக்குக் கடையைத் தாங்களே அமைத்துக் கொடுத்தார்கள். ஆட்கள் எங்கே திணறுகிறார்கள் என்பது அப்போதுதான் பிடிபட்டது. 1998-இல் யாஹூ சுமார் 4.9 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அதை வாங்கியது. 2005-இல் கிரகாம், ஜெசிகா லிவிங்ஸ்டன் முதலானோருடன் ஒய் காம்பினேட்டரைத் தொடங்கினார். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குப் பணம் போட்டு வழிகாட்டும் நிறுவனம் அது. முதல் அணியில் எட்டு நிறுவனங்கள், ரெடிட் அதில் ஒன்று. கொடுத்த பணம் சிறிது. வாரம்தோறும் எல்லோரையும் இரவுச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் பேசினார்கள், அதற்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன்.

சரி, உன் செயலிக்கு வருவோம். வியாபாரியிடம் வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் வாங்கியவர் நண்டை அவருக்குத்தானே போட்டாக வேண்டும்? பாம்பனில் விலை கூட என்று போன் காட்டினால் அவர் என்ன செய்வார்? இதற்குப் பதில் தெரியாமல் என்னிடம் வந்தால் நான் பணம் போட மாட்டேன். நண்டு எடை போடும் இடத்தில் சில வாரம் காலையில் போய் நில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, அப்போதும் நாட்டுப்படகு போகும். அந்த நாட்களையும் பார். புதுத் தொழில்களுக்குத் தமிழக அரசு தரும் டான்சீட் நிதிக்கு அப்புறம் விண்ணப்பிக்கலாம்.

பதில் (மண்டபம்):
அந்த அண்ணன் சொல்வது சரி. எங்கள் வீட்டுக்காரருக்கு நாட்டுப்படகுதான். விலை எங்களுக்குத் தெரியும் தம்பி. எவ்வளவு முன்பணம் கழிந்தது, எவ்வளவு பாக்கி என்பது வியாபாரியின் நோட்டில் மட்டும் இருக்கிறது. சதை இல்லை என்று கழிக்கிற நண்டுக்கும் கணக்கு இல்லை. எங்கள் கையிலும் அந்தக் கணக்கு இருந்தால் தைரியமாகப் பேசலாம்.

கேள்வி கேட்டவர்:
அக்கா, எடைச் சீட்டுகள் இருந்தால் பார்க்க முடியுமா? அதை வைத்தே எழுதிப் பார்க்கிறேன்.

பதில் (மண்டபம்):
ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். பூசை முடிந்ததும் வா. சீட்டு எல்லாம் அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.