பொன்தூளும் மலை ஈரமும்: துணி அச்சில் எங்கள் அனுபவங்கள்

குன்னூரிலிருந்து:

ஆடி மாதத்தில் ஒருவர் துப்பட்டா ஒன்றைக் கொண்டுவந்து, சீர்செய்ய முடியுமா என்று கேட்டார். கோடையில் வாங்கியதாம். பொன்னாக மின்னிய கொடிகள் பழுப்பேறி, மடிப்பு ஓரங்களில் பச்சை பூத்திருந்தன. அது வெண்கலத்தூள் அச்சு. பொன்தூள் என்ற பெயரில் கிடைத்தாலும் அதில் இருப்பது செம்பும் துத்தநாகமும்தான். ஈரக்காற்றும் வியர்வையும் பட்டால் செம்பு கறுக்கும். பீரோவில் பூட்டி வைத்தாலும் நம் ஊர் மழைக்கால ஈரம் உள்ளே நுழைந்துவிடும். கறுத்ததை மீட்க வழியில்லை என்று சொல்லி அனுப்ப மனம் கனத்தது, நல்ல கைவேலை அது.

நான் பயன்படுத்துவது முத்துப் பளபளப்புத் தூள். மைக்காச் செதிலின் மேல் டைட்டானியம் டையாக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். பூச்சின் கனம் கூடக்கூட வெள்ளி, பொன், சிவப்பு, நீலம், பச்சை என நிறம் மாறிக்கொண்டே போகும். செம்பு நிறம் வேண்டுமென்றால் இரும்பு ஆக்சைடு பூசிய தூள் இருக்கிறது. பூச்சு ஏற்கெனவே ஆக்சைடு என்பதால் மூடுபனி அதை ஒன்றும் செய்வதில்லை. நீலமும் பச்சையும் மின்னும் வகைகளைக் கறுப்புத் துணியில் போட்டுப் பாருங்கள், மயில் கழுத்துதான்! வெள்ளைத் துணியிலோ அவை இருக்கும் இடமே தெரியாது.

கொடைக்கானலிலிருந்து:

குன்னூர் அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தூள் சாயமல்ல, நூலுக்குள் இறங்காது. அதனுடன் கலக்கும் பைண்டர் என்ற பசைதான் அதைத் துணியில் பிடித்து வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடியில் கிடக்கும் துணி தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் பைண்டர் இறுகியிருக்காது. முழுக்கக் காய்ந்த பிறகு, பட்டர் பேப்பர் வைத்து, துணியின் பின்பக்கம் பருத்திக்குரிய சூட்டில் நன்றாக இஸ்திரி போட வேண்டும். கம்பளி அந்தச் சூட்டைத் தாங்காது, அதனால் கம்பளியில் நான் அச்சிடுவதே இல்லை. புதுத் துணியின் கஞ்சியை முதலிலேயே அலசி எடுத்துவிடுங்கள். மினுமினுப்புக்காகத் தூளை அள்ளிக் கொட்டினால் பைண்டர் போதாமல், தேய்த்த விரலில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். பைண்டர் காய்ந்தால் கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும். வெள்ளை கலந்த பேஸ்ட் பளபளப்பை விழுங்கிவிடும்.

முகக்கவசம் இல்லாமல் எந்தத் தூளையும் கலக்காதீர்கள். குளிருக்குக் கணப்பு மூட்டும் அறையில் வெள்ளி நிற அலுமினியத் தூளைத் திறக்கவே கூடாது. காற்றில் பறக்கும் அந்த நுண்தூளில் தீப்பிடிக்கும்.

உதகையிலிருந்து:

தோடர் சால்வையின் மேல் பொன் பளபளப்பு ஏற்றித் தரும்படி ஒரு பயணி கேட்டார். மறுத்துவிட்டேன். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக, இழையை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் போடும் தையல் அது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. பைண்டர் படலம் இழைகளின் இடுக்கை அடைத்துத் துணியை விறைக்க வைத்துவிடும், பிறகு அதை எடுக்கவும் முடியாது. கறுப்புப் பருத்தியில் தனியாக ஒரு பொன் அச்சு போட்டுத் தருகிறேன், இரண்டையும் அடுத்தடுத்து மாட்டுங்கள் என்றேன். அவரும் சம்மதித்தார்.