கொல்லா-ஆன்சிபிள்: மரியாடிபி எழவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தண்டையார்பேட்டையில் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லித்தரும் எங்கள் சின்ன மையத்தில், மூன்று சர்வர்களில் கொல்லா-ஆன்சிபிள் என்ற நிறுவும் கருவி வழியாக ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருள் ஓடுகிறது. நேற்று ராத்திரி கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, மூன்றும் ஒன்றாக அணைந்துவிட்டன.

காலையில் ‘டாக்கர் பிஎஸ்’ போட்டுப் பார்த்தால், மரியாடிபி டேட்டாபேஸ் ஓடும் கன்டெய்னர் மூன்று சர்வரிலும் ‘ரீஸ்டார்ட்டிங்’ என்றே நிற்கிறது. அது இல்லாமல் லாகினைச் சரிபார்க்கும் கீஸ்டோன் வேலை செய்யாது, அதனால் ஹொரைசான் வெப் பக்கத்தில் லாகின் ஆகவில்லை. மூன்று மரியாடிபியையும் ஒரே டேட்டாவோடு இணைக்கும் கலேரா கிளஸ்டர் மொத்தமாக விழுந்தால், கடைசியாக எழுதிய நோடிலிருந்துதான் (சர்வரிலிருந்துதான்) எழுப்ப வேண்டும், அது புரிகிறது. ஆனால் கலேரா தன் நிலையைக் குறித்து வைக்கும் கிராஸ்டேட் ஃபைலில், கடைசி எழுத்தின் வரிசை எண்ணான சீக்னோ மூன்றிலும் மைனஸ் 1 என்றே இருக்கிறது, அதாவது எது கடைசி என்று தெரியவில்லை.

கொல்லா-ஆன்சிபிளின் ‘மரியாடிபி ரெகவரி’ கட்டளை கொடுத்தால் சரியான நோடை அதுவே கண்டுபிடிக்குமா, நான் குறிப்பிட வேண்டுமா? டேட்டா வால்யூம்களை நகலெடுத்துவிட்டேன், வேறெதையும் தொடவில்லை. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு லேப் இருக்கிறது.